பயிற்சித் தாளில் சரி, கட்டுரையில் பிழை

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் இரண்டு தடவையும் 6 புள்ளிதான் வந்தது. எனக்கு 6.5 வேண்டும். அடுத்த பரீட்சைக்கு ஏழு கிழமை இருக்கிறது. நான் களுவாஞ்சிக்குடி.

கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் ‘ஹேட் ஐ நோன்’ (எனக்குத் தெரிந்திருந்தால்) மாதிரித் தலைகீழ் வாக்கியத்தில்கூடப் பிழை வராது. 40 நிமிடக் கட்டுரையில்தான் சிக்கல்: ‘இஃப்’ வாக்கியத்துக்குள் ‘ஹேட்’ வரவேண்டிய இடத்தில் ‘வுட் ஹேவ்’ போய் உட்கார்ந்துவிடும். தமிழில் ‘படித்திருந்தால்’ என்று ஒரே சொல்லில் முடிகிறதே, அதனாலோ என்னவோ.

ஆறு மாதம் மட்டக்களப்பு ரவுனில் ரியூசன் போனேன். அங்கே 60 பேர், கட்டுரை திருத்த நேரமில்லை. அப்புறம் யூடியூப், தினம் ஒரு பயிற்சித் தாள். செயலி திருத்தித் தருகிறது, ஏன் பிழை என்பது மனதில் நிற்கவில்லை.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், கட்டுரையை வரிவரியாகத் திருத்திக் காரணமும் சொல்லித்தரும் ஆசிரியர் யாரையாவது தெரியுமா?