நர்ஸ் சம்பளமும் ஊர்ச் செலவும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஈஸ்ட்ஹாம் சிஸ்டர்

பேண்ட் 5 (பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரி நர்ஸின் ஆரம்பச் சம்பளப் படிநிலை), உள் லண்டன் ஆஸ்பத்திரி, 2024. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மாடியில் ஓர் அறை. மாதம் 750 பவுண்டு, பில் எல்லாம் சேர்த்து. வீட்டுக்கார அக்கா கெட்டவர் இல்லை, பொங்கலுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர். ஒரு நாள் நைட் டூட்டி முடித்து வந்ததும் யூனிஃபார்மை மெஷினில் போட்டு 60 டிகிரி வைத்தேன். நாங்கள் 60-இல்தான் துவைக்க வேண்டும், வேலையில் சேரும்போதே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க சி-டிஃப் வயிற்றுப்போக்கு நோயாளி ஒருவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறைக்குள் வந்தார், மெஷினைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் குமிழை 30-க்குத் திருப்பினார். அப்புறம்தான், "கரண்ட் பில் நான்தானேம்மா கட்டுறேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்த 750-க்கு வேறு எங்கே அறை கிடைக்கும்?

என்னோடு படித்தவள் வடகிழக்கு இங்கிலாந்தில், சண்டர்லாண்டில் இருக்கிறாள். அதே பேண்ட் 5. லண்டன் படி கிடையாது. முழு வீடு 600 பவுண்டு, பின்னால் துணி காயப்போட இடம், கணவர், குழந்தை எல்லோரும் அங்கேதான். "உனக்கென்னடி, லண்டன் சம்பளம்" என்று இன்றும் கேலி செய்வாள். மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மாத்தியோசி

நான் நர்ஸ் இல்லை, என் தங்கை நர்ஸ். சும்மா கேட்கிறேன், கோபப்படாதீர்கள். லண்டனில் கைக்கு எவ்வளவு வருகிறது? 2,200 பவுண்டு என்று வைத்துக்கொண்டாலும் நம்ம காசுக்கு ரெண்டே கால் லட்சத்துக்கு மேல். என் தங்கை திருச்சியில் இருபதாயிரம் வாங்கவே நாக்குத் தள்ளுகிறது. வாஷிங் மெஷின் குமிழ் எல்லாம் ஒரு குறையா?

எம்ஆர்பி 2015

மாத்தியோசி சார், இருபதாயிரமா? என்னுடையது 18,000.

எம்.ஆர்.பி, அதாவது தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எடுத்த தொகுப்பூதிய நர்ஸ் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்: படிகள் இல்லாமல் மாதம் ஒரே தொகை. 2015-இல் 7,700 ரூபாயில் சேர்ந்த பேட்ச் நான். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பிறகு 14,000, பிறகு 18,000. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை திருவள்ளூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில். தொகுப்பூதியத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒன்று கிடையாது. கள்ளக்குறிச்சியில் இருந்தாலும் 18,000, மெட்ராஸ் வாடகை எட்டிப் பார்க்கிற ஊரில் இருந்தாலும் அதே 18,000.

எனக்கு மறக்காதது வீடு பார்க்கப் போன நாள். ஒரு ஹால், ஒரு அடுப்படி, வாடகை 6,500 என்று போர்டில் எழுதியிருந்தது. வீட்டுக்காரம்மா என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைத் திருப்பிப் பார்த்தார். தமிழ்நாடு அரசு முத்திரை. உடனே குரலே மாறிவிட்டது. "கவர்மென்ட்டா! அப்ப எழுபது ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துடுங்க, வாடகை ஏழாயிரத்தைந்நூறு. உங்களுக்கென்ன, மாசம் அறுபது எழுபது வருமே." நான் போனில் பேங்க் மெசேஜை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது பிடித்தம் எல்லாம் போக மிச்சமாம்மா?" என்றார்.

அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போது இருப்பது ஊருக்கு வெளியே. நைட் முடிந்தால் முதல் பஸ் வரும்வரை லேபர் வார்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஈஸ்ட்ஹாம் சிஸ்டர்

மாத்தியோசி அண்ணா, கோபம் இல்லை. ஆனால் பவுண்டை ரூபாயாக்கிப் பார்க்கிற கணக்கு, பவுண்டில் சம்பாதித்து ரூபாயில் செலவழிப்பவருக்குத்தான் பொருந்தும். நான் பஸ்ஸுக்கும் பாலுக்கும் பவுண்டுதான் கொடுக்கிறேன்.

கேட்டதால் சொல்கிறேன். 2024-25-இல் பேண்ட் 5 ஆரம்பம் வருஷத்துக்கு 29,970 பவுண்டு. உள் லண்டன் என்றால் அதில் 20 சதவீதம் கூடுதல், அதாவது 5,994. மாதம் ஐந்நூறு பவுண்டு அதிகம் என்று எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சம்பளம் கூடினால் பென்ஷன் பிடித்தம் 8.3 சதவீதத்திலிருந்து 9.8-க்கு ஏறுகிறது. அதற்கு மேல் வரி 20, நேஷனல் இன்சூரன்ஸ் 8. சண்டர்லாண்டுக்காரிக்கு மாதம் 1,900 சொச்சம் கைக்கு வருகிறது, எனக்கு 2,200 சொச்சம். ஐந்நூறில் கைக்கு வந்து சேர்வது முந்நூறுகூட இல்லை. அவள் வீட்டைப்போல ஒரு முழு வீட்டை நான் இங்கே எடுக்க நினைத்தால் அந்த முந்நூறு எந்த மூலைக்கு?

தங்கைக்கு இருபதாயிரம் போதாது, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. இங்கேயும் 2022 டிசம்பரில் நர்ஸ்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆர்.சி.என் என்ற நர்ஸ்கள் சங்கத்தின் நூறு வருஷத்துக்கு மேலான வரலாற்றில் நாடு தழுவிய ஸ்ட்ரைக் அதுதான் முதல் தடவை. காசு போதும் என்றால் அந்தக் குளிரில் யாராவது நிற்பார்களா?

ரியாத் ரிட்டர்ன்

எல்லோரும் வாடகை பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு வாடகையே கிடையாது. சவுதியில் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி பஸ், வரி இல்லை. சம்பளம் 3,800 ரியால். அரிசி பருப்பு, போன் செலவு போக எல்லாம் ஊருக்கு. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு நாள் ஐசியூ ஜெராக்ஸ் மெஷினில் யாரோ ஒரு காகிதத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாருடையது என்று எடுத்துப் பார்த்தால் பே-ஸ்லிப். என்னோடு அதே ஷிஃப்ட்டில் அடுத்த பெட் பார்க்கிற தென்னாப்பிரிக்காக்காரருடையது. 9,000-க்கு மேல். அவருக்கு வென்டிலேட்டர் அலாரம் செட்டிங் சொல்லிக் கொடுத்ததே நான். காகிதத்தைக் கவிழ்த்து அவர் லாக்கர் மேல் வைத்துவிட்டு வந்தேன். பிலிப்பினோ தோழியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியமே படவில்லை. "இங்கே வேலைக்குச் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டுக்குத்தான்" என்றாள்.

எனக்கு அதுவரை தோன்றாதது இது: எந்த ஊரில் வேலை செய்கிறோம் என்பதைவிட எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதற்குத்தான் விலை. நம் ஊரில் செலவு குறைவு, அதனால் நமக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சாப்பிடுவது என்னவோ எல்லோரும் அதே ரியாத் கடையில்.

பிறகு கணவரையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, அலவன்ஸ் வாங்கி வெளியே வீடு எடுத்தேன். 2017 ஜூலையில் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் வரி போட்டார்கள். வருஷா வருஷம் நூறு நூறாக ஏறும் என்றார்கள், ஏறியது. மூன்று தலை. 2018 ஜனவரியில் வாட் வேறு. அந்த வருஷமே அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு நான் மறுபடி குவார்ட்டர்ஸ் கட்டிலுக்குப் போனேன்.

கோவை ஐசியூ

தனியார் ஆஸ்பத்திரி. 14,000. பி.எஃப், இ.எஸ்.ஐ, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் போக கைக்கு ஒன்பது சொச்சம்.

நோயாளியோடு இருந்த உறவினர் ஒருவர் டிஸ்சார்ஜ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். நர்சிங் சார்ஜ், ஒரு நாளைக்கு 1,200. அந்தப் பெட்டையும் பக்கத்துப் பெட்டையும் பார்ப்பது நான்தான். ஒரே ஒரு பெட்டின் பன்னிரண்டு நாள் நர்சிங் சார்ஜ் என் ஒரு மாதச் சம்பளம். அவர் என் முகத்தைப் பார்த்து, "இது கரெக்ட் ரேட்தானா சிஸ்டர்?" என்று கேட்டார்.

குமார் நர்சிங் ஆபீசர்

கோவை ஐசியூ சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கதை சின்னது. வடக்கே ஒரு சின்ன ஊர் எய்ம்ஸில் இருக்கிறேன், என் ரூம்மேட்டாக இருந்தவனுக்கு டெல்லி எய்ம்ஸ் கிடைத்தது. இருவருக்கும் மத்திய அரசு ஊதிய நிலையில் லெவல் 7, அடிப்படை 44,900. அகவிலைப்படி, நர்சிங் படி ரெண்டும் இருவருக்கும் ஒரே அளவு. வீட்டு வாடகைப் படியில்தான் வித்தியாசம்: டெல்லிக்கு 30 சதவீதம், 13,470. என் ஊருக்கு 10 சதவீதம், 4,490. டெல்லி போனபோது அவன் ரூமில் தங்கினேன். கௌதம் நகர், ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். உள்ளே ரெண்டாவது கட்டில் போட்டால் கதவு திறக்காது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் தூக்கத்தில் அதை நிமிர்த்திய விதத்தைப் பார்த்தால் பழகிப்போன கை. வாடகை 16,000. நான் 7,000-க்கு ரெண்டு ரூம் வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட ஜெகதீஷ் பிரசாத் கமிட்டி, 2016. அதன் பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்கணும். 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-லிருந்து 100 வரை என்றால் 25 சதவீதம். 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. கேரளாவில் யு.என்.ஏ சங்கம் விடாமல் போராடி, 2018-இல் அரசு குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அறிவிப்பே போட்டது. நீங்களும் லேபர் ஆபீசில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டாவது, நார்செட் எழுதுங்கள். 2020-இலிருந்து எல்லா எய்ம்ஸுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. நைட் டூட்டியில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும். மெடிக்கல் சர்ஜிக்கலை முதலில் முடியுங்கள், மகப்பேறு அடுத்து, பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்கள். இந்தி பற்றிப் பயப்படாதீர்கள், மூன்று மாதத்தில் வார்டு இந்தி வந்துவிடும். ஆப்ஷன் கொடுக்கும்போது பெருநகரத்தை முதலில் போடாதீர்கள், சின்ன ஊர் எய்ம்ஸ் மேலே போடுங்கள், மாசக் கடைசியில் மிச்சம் அங்கேதான். வயசு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

கோவை ஐசியூ

குமார் சார், நன்றி. எனக்கு வயது 34. நார்செட்டுக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி-க்கு 33.

கமிட்டி பற்றித் தெரியும். அது வழிகாட்டுதல் என்று ஹெச்.ஆர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். லேபர் ஆபீசில் கொடுக்கலாம். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் பாண்ட் ஒப்பந்தம் முடியும்வரை அவர்கள் அலமாரியில் இருக்கிறது. இந்த ஊரில் நர்சிங் சூப்பரண்ட்கள் எல்லோரும் ஒரே வாட்ஸப் குரூப்பில் இருக்கிறார்கள். புகார் கொடுத்தவள் என்று பெயர் வந்தால் அடுத்த வேலைக்கு எங்கே போவது?

யாழ் தாதி

இலங்கையில் அரச வைத்தியசாலை, தாதிய உத்தியோகத்தர், அதாவது நர்ஸ். எங்களுக்குக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே அடிப்படைச் சம்பளம்தான். ஓவர்டைம்தான் மாதத்தைக் கொண்டு இழுக்கிறது. 2025 பட்ஜெட்டில் அந்த ஓவர்டைம் கணக்கைக் குறைக்கப்போகிறார்கள் என்றதும் நாங்கள் தெருவில் இறங்கியது அதனால்தான்.

என் மனதில் நிற்பது 2022 ஜூன். பெற்றோல் லீற்றர் மே கடைசியில் 420 ஆகி, ஜூன் கடைசியில் 470 ஆனது. சுகாதார ஊழியருக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். நான் வெள்ளை யூனிஃபார்மோடு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வரிசைக்குப் போனேன். பக்கத்து வரிசையில் ரெண்டு நாளாக நின்ற ஒரு ஐயா, "பிள்ளை, சம்பளமும் எடுக்கிறீங்கள், பெற்றோலும் எடுக்கிறீங்களோ?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீ எங்கட மனுசிக்கு ஊசி போட்ட பிள்ளையெல்லே" என்றார். அன்று என் முழு ஷிஃப்ட்டுக்குக் கிடைக்கும் காசு எத்தனை லீற்றருக்குக் காணும் என்று வரிசையில் நின்றபடியே கணக்குப் பார்த்தேன். சொல்ல விருப்பமில்லை.

அதே மாதம் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. என் வார்டில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். இருக்கிறவர்களுக்கு ஓவர்டைம் கூடினது என்றால் பாருங்கள்.

மாத்தியோசி

சரி, ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் புரிகிறது. ஈஸ்ட்ஹாம் சிஸ்டர், அப்படியென்றால் சண்டர்லாண்டுக்கே மாறிக்கொள்ள வேண்டியதுதானே?

ஈஸ்ட்ஹாம் சிஸ்டர்

விசா ஸ்பான்சர் இந்த ஆஸ்பத்திரி அண்ணா. அங்கே வேலை கிடைத்து, அவர்கள் புது ஸ்பான்சர்ஷிப் கொடுத்து, விசாவை மாற்ற வேண்டும். அதைக்கூடச் செய்யலாம். என் கணவர் இப்போதுதான் வந்தார், அவருக்கு வேர்ஹவுஸ் வேலை கிடைத்திருப்பது லண்டனில். அங்கே அவருக்கு என்ன வேலை என்று சண்டர்லாண்டுக்காரியிடம் கேட்டிருக்கிறேன். அவள் கணவரே ஒரு வருஷமாக டெலிவரி ஓட்டுகிறார்.

கோவை ஐசியூ

ரியாத் அக்கா, ஒரு சந்தேகம். பாண்ட் இந்த மார்ச்சில் முடிகிறது. ஏஜென்ட் ஒருவர் சவுதிக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ரியாத் ரிட்டர்ன்

ஐந்து பைசா கொடுக்காதேம்மா. 2015-லிருந்தே வளைகுடாவுக்கு நர்ஸ் எடுப்பது அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் என்று விதி வந்தது. நம்ம ஊருக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டியில் இருக்கிறது. முதலில் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கு. அது இல்லாமல் டேட்டாஃப்ளோ என்ற சர்டிபிகேட் சரிபார்ப்புக்கே போக முடியாது. இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் குவார்ட்டர்ஸா, அலவன்ஸா என்று கேள். தனியாகப் போகிறாய் என்றால் குவார்ட்டர்ஸ் வாங்கு. பிள்ளையைக் கூட்டிப் போகிற யோசனை இருந்தால் எனக்குத் தனியாக எழுது, தலை வரிக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.