கேட்காவில் கண்ட ஜெபம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எழுப்புதல் (ஜனங்கள் திரளாக மனந்திரும்பி ஜெபிக்கத் தொடங்குவது) நடந்த இடங்களைப் போய்ப் பார்த்தவர்கள் இங்கே எழுதுவதை ஆசையாகப் படித்து வருகிறேன். நான் சொல்லப்போவது கேட்காவ் பற்றி. சென்னை - மும்பை ரயிலில் தவுண்ட் தாண்டி, புனே வருவதற்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன். வேலைக்காக நான் புனேயில் இருப்பதால் லோக்கல் ரயிலிலேயே போய் வர முடிகிறது.

பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் பெரிய பண்டிதை, பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், கைக்குழந்தையோடு விதவையானவர். 1896-97 பஞ்சத்தில் அநாதைகளான பெண்பிள்ளைகளையும் இளம் விதவைகளையும் கூட்டிவந்து இங்கே வாழ வைத்தார்.

1904 கடைசியில் பிரிட்டனிலுள்ள வேல்ஸில் எழுப்புதல் தொடங்கியிருந்தது. 1905 ஜனவரியில் ரமாபாய் தம் பிள்ளைகளிடம், "இந்தியாவுக்காக ஜெபிக்க யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். சுமார் 70 பேர் முன்வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை கூடி ஜெபிப்பவர்கள் 550 ஆகிவிட்டார்கள். ஜூன் 29 அதிகாலையில் ஒரு பெண் தன்மேல் அக்கினி இறங்கியதாக உணர்ந்து எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் தீப்பிடித்துவிட்டது என்று தண்ணீர் வாளியை எடுக்க ஓடினாள். மறுநாள் ரமாபாய் யோவான் 8ஆம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் அழுது பாவ அறிக்கை செய்ய ஆரம்பித்தார்கள். பாடம் அத்தோடு நின்றது.

இதில் என்னை அதிகம் தொடுவது அந்த அக்கினியைவிட, அதற்கு முந்தைய ஆறு மாதங்கள்தான். பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த பிள்ளைகள், மாவரைத்து, தறி நெய்து, அப்புறம் முழங்காலில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பேர்கூட நமக்குத் தெரியாது. எழுப்புதல் சரித்திரம் சொல்லும்போது நாம் பிரசங்கியார்களின் பேரைத்தான் அடுக்குகிறோம். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அங்கே வயதான அம்மா ஒருவரைச் சந்தித்தேன். பார்வை கிடையாது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேர் என்ன? வீட்டில் யார் யார்?" என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். உடனே அங்கேயே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நான் சொன்ன ஒவ்வொரு பேருக்கும் தன் விரலில் ஒரு கணுவைத் தொட்டுக்கொண்டே போனார். என் தம்பி பேரை அவர் உச்சரித்தது கொஞ்சம் மாறித்தான் வந்தது. ஆனால் யாரையும் விடவில்லை. அவன் சபைக்குப் போவதை விட்டு வெகுநாள் ஆகிறது; அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவனுக்கு வந்தபோதுதான் அந்தக் கணுவை விடாமல் அதிக நேரம் நின்றார். எனக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை.

முக்தியில் இருந்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் நடந்ததை எல்லாம் சிறு புத்தகமாக எழுதி, சிலி நாட்டில் ஊழியம் செய்த தன் பழைய வகுப்புத் தோழிக்கு அனுப்பினார். அதைப் படித்து அங்குள்ளவர்களும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1909ல் அந்நாட்டின் வால்பரைசோ நகரத்தில் பெரிய எழுப்புதல் வந்தது. கேட்காவ் எங்கே, சிலி எங்கே!

எழுப்புதல் அழுகையோடு முடிந்துவிடவும் இல்லை. பிள்ளைகள் குழுக்குழுவாகச் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். ரமாபாய் வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்க்க, முக்திப் பெண்களே அச்சுக் கோர்த்தார்கள். 1922ல் அவர் இறப்பதற்குள் மொழிபெயர்ப்பு வேலை முடிந்தது. இதெல்லாம் தெரிந்தபிறகு, தேதி குறித்து "எழுப்புதல் கூட்டம்" என்று போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் ஜெபிக்க ஆள் சேருங்கள், தேதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

அதே 1905 அக்டோபரில் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரிலும், அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் பேச்சைப் பாதியில் நிறுத்தும் அளவுக்கு ஜெபமும் அழுகையும் எழும்பியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே இருந்தால், தாத்தா பாட்டி வழியாகக் கேட்டதை எழுதுங்கள்.

நாங்கள் புனேயில் சில பெண்கள் தினமும் காலை 5 மணிக்குப் போனிலேயே சேர்ந்து ஜெபிக்கிறோம். ஜெபக்குறிப்பு இருந்தால் பேரோடு கீழே எழுதுங்கள், பேர் சொல்லியே ஜெபிப்போம்.