சைகையஞ்சல்: ரிமோட்டைச் சுவர் தாண்ட வைக்கும் கருவிக்கு ஒரு பெயர்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அறையில் அழுத்தும் ரிமோட்டுக்கு அடுத்த அறையில் இருக்கும் செட்டாப் பாக்ஸைப் பணிய வைக்கும் கருவிக்குத் 'தொலையியக்கி நீட்டிப்பான்' என்று பெயர் வைக்கலாம் என்றீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நீளமான சொல் என்பது சிறு குறைதான்; அந்தக் கருவி எதையும் நீட்டுவதே இல்லை என்பதுதான் பெருங்குறை.

ரிமோட்டின் நெற்றியில் இருப்பது அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடு. பொத்தானை அழுத்தியபடி அதைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்துப் பாருங்கள். பல கைப்பேசிகளில் மங்கிய ஊதாப் புள்ளி ஒன்று துடிப்பது தெரியும். பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி அது. புத்தம்புது பேட்டரி போட்டாலும் செங்கல் சுவரைத் தாண்டாது. ஆகவே படுக்கையறையில் ஒரு சிறு பெட்டி அந்த ஒளியை வாங்கி ரேடியோ அலையாக மாற்றி அனுப்புகிறது. கூடத்தில் இருக்கும் இன்னொரு பெட்டி அதை வாங்கி மறுபடி ஒளியாக்கிக் கருவியின் மேல் பாய்ச்சுகிறது. பரவலாகப் பயன்படும் அதிர்வெண் 433.92 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். கதவும் சுவரும் இந்த அலையைச் சற்றுத் தளர்த்தும், ஆனால் எளிதில் நிறுத்திவிடாது.

பெயருக்கான திறவுகோல் இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது. ரிமோட்டின் ஒளி, நொடிக்குச் சுமார் 38,000 முறை எரிந்து அணைவதை ஊர்தியாக, அதாவது செய்தியைச் சுமக்கும் அலையாக (carrier), கொண்டது. முதல் பெட்டி அந்த ஊர்தியைக் கழற்றிவிட்டுத் துடிப்புகளின் தாளத்தை மட்டும் ரேடியோ அலையில் ஏற்றுகிறது. இரண்டாவது பெட்டி தன்னிடமுள்ள 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியில் அதே தாளத்தை மறுபடி ஏற்றுகிறது. 455 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சில ரிமோட்டுகளோடு இந்தப் பெட்டிகள் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். புறப்பட்ட ஒளி வேறு, போய்ச் சேரும் ஒளி வேறு. செய்தி மட்டும் அதேதான்.

'வீச்சுப்பெருக்கி' என்ற பரிந்துரையும் வந்தது. இயற்பியல் பாடநூல்களில் வீச்சு என்பது அலையின் உயரத்தைக் குறிக்கிறது. அதைப் பெருக்கினால் ஒலிபெருக்கியின் உள்ளே இருக்கும் சுற்றுதான் மாணவர்களுக்கு நினைவு வரும்.

கைமாற்றிக் கொண்டுபோவதற்கு நம்மிடம் பழகிய சொல் ஒன்று இருக்கிறது: அஞ்சல். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை 'அஞ்சல் செய்தல்' என்கிறோம். தடியைக் கைமாற்றி ஓடும் ஓட்டம் அஞ்சலோட்டம். தபால் என்ற பொருளும் ஓட்டக்காரர்கள் பையைக் கைமாற்றிக் கொண்டுசென்ற வழக்கத்தோடு ஒட்டியதே. எனவே மின்னஞ்சலோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கு இல்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்.

அந்த முன்சொல்லைத் தேடும்போதுதான் நிறையத் தடுமாறினேன். 'வானலை' சேர்த்தால் விமானத்தில் போகும் வானஞ்சலின் சாயல் விழுகிறது. கருவிப்பெயர் என்பதற்காக இகர விகுதி சேர்த்து 'அஞ்சலி' என்றாக்கவே முடியாது. மாலையும் மௌனமும் நினைவுக்கு வந்துவிடும். 'ஏவல்' அழகான சொல்தான், ஆனால் மாந்திரீகம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசியில், சிக்னல் என்பதற்குப் பாடநூலில் ஏற்கெனவே உள்ள 'சைகை' கை கொடுத்தது. சைகை காட்டுகிறவரும் பார்க்கிறவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும். அகச்சிவப்பு ரிமோட்டின் குணமும் அதுதான். இடையில் சுவர் வந்தால், அந்தச் சைகையை இந்தப் பக்கம் பார்த்து அந்தப் பக்கம் காட்ட ஒருவர் வேண்டும். அவர்தான் இந்தக் கருவி.

ஆகவே என் முன்மொழிவு: சைகையஞ்சல். இரு பெட்டிகளையும் கம்பியால் இணைக்கும் வகையும் உண்டு என்பதால், பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கம்பிச் சைகையஞ்சல், ரேடியோ சைகையஞ்சல் எனலாம். பெட்டிகளைப் பரப்பி, ஏற்பி என்று அழைக்காதீர்கள். இரண்டுமே வாங்குகின்றன, இரண்டுமே அனுப்புகின்றன. எதை எங்கே வைப்பது என்று வாங்கியவர் திண்டாடுவார். கைப்பக்கப் பெட்டி, கருவிப்பக்கப் பெட்டி என்றால் போதும்.

இன்னொன்று. என் வீட்டில் கைப்பக்கப் பெட்டியின் சிவப்பு விளக்கு, யாரும் ரிமோட்டைத் தொடாதபோதும் இமைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த மேசைவிளக்கின் துடிப்பை அது ரிமோட் என்று எண்ணி இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. விளக்கைத் தள்ளி வைத்ததும் அடங்கியது. இதற்குப் 'பொய்ச்சைகை' என்று எளிதாகச் சொல்ல முடிகிறது. நீட்டிப்பானிலிருந்து இப்படி ஒரு சொல் பிறக்காது.

கையேட்டில் வைத்துப் படித்துப் பார்த்தேன்: "சைகையஞ்சலின் கைப்பக்கப் பெட்டியை விளக்குக்கு அருகில் வைக்காதீர்கள்; பொய்ச்சைகை உண்டாகும்." எனக்குத் தடங்கல் எதுவும் தெரியவில்லை. உங்கள் காதுக்கு எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.