ரசமட்டம் செய்தேன், பச்சை விளக்கு நிற்க மாட்டேன் என்கிறது

கேள்வி:
அப்பா கொத்தனார். அவருடைய ரசமட்டத்தில் குமிழிக் குழாய் விரிசல் விட்டுவிட்டது. அவருக்காக ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, சாய்வை அளக்க எம்பியு-6050 சென்சார், ஐந்து எல்இடி வைத்து ஒன்று செய்தேன். நடுவில் பச்சை, இருபக்கமும் மஞ்சள், ஓரங்களில் சிவப்பு. மேசையில் அசையாமல் வைத்தாலும் பச்சையும் மஞ்சளும் மாறி மாறிச் சிமிட்டுகின்றன. சென்சார் போய்விட்டதா?

பதில்:
சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. 2ஜி வரம்பில் (ஜி என்றால் புவியீர்ப்பு முடுக்கம்) 1ஜிக்கு 16,384 என்று எண் வரும். ஒரு டிகிரி சாய்வுக்குச் சுமார் 286தான். அளவு எப்போதும் கொஞ்சம் நடுங்கும். 50 அளவுகளின் சராசரி எடுங்கள். அப்புறம், பச்சை 0.3 டிகிரிக்குள் வந்தால் எரியட்டும், 0.5 தாண்டினால்தான் அணையட்டும்.

இன்னொரு பதில்:
முதலில் மேசை மட்டமா? என் மேசை சரிவு என்று தெரியாமல் அதை வைத்தே பூஜ்யம் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாய்ப் போனது. ஒரு முறை அளந்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி அளங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதுதான் சென்சாரின் பிழை.

கேட்டவர்:
பிழை 1.2 டிகிரி! கழித்துவிட்டேன், பச்சை நிற்கிறது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில்ல இந்த லைட்டு தெரியுமாடா?" என்கிறார்.