ஓய்வுக்குப் பிறகு எந்த மாநிலம்? செலவும் கட்டுப்படியாக வேண்டும், அரசியலும் ஒத்துப்போக வேண்டும்

கேள்வி: நியூஜெர்சிவாசி

வணக்கம். நியூஜெர்சி சொத்து வரி கட்டி மாளவில்லை. வேறு மாநிலம் போவதாக முடிவு. விவரம் இதுதான்: கணவருக்கு 66 வயது, மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் (65 தாண்டியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறுவது). மனைவிக்கு 61, வேலையோடு வந்த காப்பீடு நிற்கப்போகிறது. ஓய்வுச் சேமிப்புக் கணக்கான 401கே-யிலிருந்து வருடம் 45,000 டாலர், அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி 28,000 டாலர். வீட்டுக்கு 3 லட்சம் டாலர் வரை, கடன் வாங்காமல். அரசியலில் டெமாக்ரட் பக்கம் சாய்வு. அக்கம்பக்கத்தில் தினம் வாக்குவாதம் வேண்டாம். டெக்சாஸின் ஆஸ்டின், ஃப்ளோரிடா கடற்கரையில் ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு), பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க், இந்த மூன்றும் பட்டியலில் உள்ளன. மாநில வருமான வரி இல்லை என்பதால் முதல் இரண்டும் முன்னால் நிற்கின்றன. இந்தக் கணக்கு சரியா?

பதில்: கணக்குப்பிள்ளை

சரியில்லை. உங்கள் வருமானத்துக்கு மூன்று இடத்திலும் மாநில வருமான வரி பூஜ்யம்தான். பென்சில்வேனியாவில் 3.07 சதவீதம் என்று எழுதியிருக்கும். ஆனால் ஓய்வு வயதுக்குப் பின் எடுக்கும் 401கே பணத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் அது கிடையாது. வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபத்துக்குத்தான் உண்டு. இல்லினாய், மிசிசிப்பி, 55 தாண்டியவர்களுக்கு அயோவா, எல்லாம் இதே வகை. பென்சில்வேனியாவில் கவனிக்க வேண்டியது வாரிசு வரி: கணவன் மனைவிக்கு இல்லை, பிள்ளைகளுக்கு 4.5 சதவீதம், உடன்பிறந்தவர்களுக்கு 12.

அடுத்து சொத்து வரி. விற்பவர் கட்டிய ரசீதைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஃப்ளோரிடாவில் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் வீடு கைமாறினால் மதிப்பு மறுபடி சந்தை விலைக்குப் போய்விடும். 20 வருடம் இருந்தவரின் ரசீது உங்களுக்கு எதையும் சொல்லாது. டெக்சாஸில் 65 முடிந்தால் பள்ளி வரி உறைந்துவிடும். நகர, கவுன்டி வரிக்கு அந்தந்த அமைப்பு உச்சவரம்பு ஏற்றிருந்தால்தான் பாதுகாப்பு. பிட்ஸ்பர்க்கில் புதிதாக வாங்கிய வீட்டின் மதிப்பைக் கூட்டச் சொல்லி பள்ளி மாவட்டமே மேல்முறையீடு செய்யலாம். ஆக, ரசீதை ஒதுக்குங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் விலைக்கு வரி எவ்வளவு வரும் என்று கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேளுங்கள். நிகர விகிதம் 2 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு வருடம் 6,000 டாலர், வருமான வரி இல்லாத மாநிலமானாலும்.

இன்னும் இரண்டு. மாநிலம் மாறிய பிறகு எடுக்கும் 401கே பணத்துக்குப் பழைய மாநிலம் வரி கேட்க முடியாது. 1996-ல் வந்த மத்தியச் சட்டம் தடுக்கிறது. நியூஜெர்சி வீட்டை விற்கும்போது விற்பவருக்கு விலக்குத் தரும் ஜிஐடி/ஆர்இபி-3 படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். விட்டால், 'எக்ஸிட் டாக்ஸ்' என்று ஊர் சொல்லும் முன்பணமாக விலையில் குறைந்தது 2 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அது தனி வரி அல்ல. கணக்குத் தாக்கல் செய்து அதிகப்படியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

பதில்: மருந்துச்சீட்டு

காப்பீட்டைத் தீர்க்காமல் வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள். மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் கவுன்டியோடு கட்டுப்பட்டது. இடம் மாறினால் பிளானும் போகும். முன்கூட்டியே பிளானுக்குத் தெரிவித்தால், குடிபெயரும் மாதத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து, பெயர்ந்த பின் முழுதாக 2 மாதம் வரை மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு.

பலர் கவனிக்காதது இது: பிளானின் எல்லையை விட்டு வெளியேறி, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்புபவருக்கு, உடல்நிலை கேள்விகள் இல்லாமல் சில மெடிகேப் பாலிசிகளை (மெடிகேர் தராத செலவை ஈடுகட்டும் துணைக் காப்பீடு) வாங்கும் உரிமை உண்டு. பழைய பிளான் முடிந்து 63 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். சர்க்கரை, இதய நோய் என்று ஏதாவது இருந்தால் இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். பின்னால் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் மறுக்கலாம். நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் வருடம் முழுக்க மறுக்க முடியாது.

61 வயதுக்காரருக்கு, மெடிகேர் வரும் வரை, நான்கு வருடம் சந்தைப் பிளான்தான் (ஒபாமாகேர் சந்தையில் தனியாக வாங்கும் காப்பீடு). வேலைக் காப்பீடு நின்ற 60 நாளுக்குள் சேர வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைவிட 3 மடங்கு வரை பிரீமியம் வாங்கலாம். நியூயார்க்கிலும் வெர்மான்டிலும் வயதை வைத்து விலை கூட்டவே கூடாது. அதனால் பட்டியலில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரையும் சேருங்கள். வீட்டு விலை குறைவு, சொத்து வரி விகிதம் கடுமை. சோஷியல் செக்யூரிட்டிக்கு நியூயார்க் மாநில வரி இல்லை. 59½ தாண்டியவருக்கு ஓய்வூதியம், 401கே வகையில் தலைக்கு 20,000 டாலர் விலக்கு. அந்த நான்கு வருடமும் 401கே-யிலிருந்து ரோத் கணக்குக்கு (முன்பே வரி கட்டிய பணம் சேரும் ஓய்வுக் கணக்கு) பெரிய தொகை மாற்ற வேண்டாம். மாற்றும் தொகை வருமானமாகக் கணக்காகி, காப்பீட்டு மானியத்தைத் தின்றுவிடும்.

பதில்: வாக்குச்சீட்டு

அரசியல் ஒத்துப்போவது என்று ஒரே சொல்லில் சொல்கிறீர்கள். அதில் இரண்டு இருக்கின்றன: அண்டை வீட்டார், சட்டம். ஆஸ்டின் முதலாவதில் உங்களுக்குப் பொருந்தும், இரண்டாவதில் பொருந்தாது. நகரம் போடும் விதியை மாநிலச் சட்டமன்றம் ரத்து செய்யலாம். 2023-ல் டெக்சாஸ் எச்பி 2127 என்ற சட்டத்தை அதற்காகவே போட்டது. பிடிக்காத சட்டத்தை மக்களே வாக்கெடுப்பால் மாற்ற டெக்சாஸ், நியூயார்க், பென்சில்வேனியாவில் வழியில்லை. ஃப்ளோரிடாவில் வழி உண்டு, 60 சதவீதம் வேண்டும்: 2024 கருக்கலைப்புத் திருத்தம் ஏறக்குறைய 57 சதவீதம் பெற்றும் தோற்றது.

தேடும் முறை: கவுன்டி தேர்தல் அலுவலகத் தளத்தில் வட்டார வாரியான முடிவுகள் கிடைக்கும். அதிபர் தேர்தலோடு நிறுத்தாமல் பள்ளி வாரியம், கவுன்டி கமிஷனர் தேர்தலையும் பாருங்கள், தெருவின் மனநிலை அதில்தான் தெரியும். அடுத்து ஆளுநர், இரு அவைகள், மாநில உச்ச நீதிமன்றம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மூன்றாவதாக முதியோரை நேராகத் தொடும் சட்டங்கள்: தபால் வாக்கு எளிதா, தீராநோயாளி மருத்துவர் உதவியோடு உயிர்விடச் சட்டம் இடம் தருகிறதா (ஆரிகன் 1997 முதல் தருகிறது), குறைந்த வருமானத்தாருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கம் நடந்ததா. டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் விரிவாக்கவில்லை.

மாநிலத்தின் கட்சி நிறம் நிலைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஃப்ளோரிடாவில் 2000-ல் வித்தியாசம் 537 வாக்கு, 2012-ல் ஒபாமா வென்றார், 2024-ல் ட்ரம்ப் 13 புள்ளிகளில் வென்றார். வர்ஜீனியா எதிர்த்திசையில் நகர்ந்தது. ரிபப்ளிகன் சாய்வுள்ளவர்களுக்கும் இதே சல்லடைதான்: அவர்களுக்கு டென்னசியின் நாக்ஸ்வில் பொருந்தும், வருமான வரி இல்லை, விற்பனை வரி மட்டும் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று.

பதில்: காண்டோ சங்கம்

ஃப்ளோரிடா காண்டோவைப் பற்றி மட்டும். 2021-ல் அங்கே சர்ஃப்சைட்டில் காண்டோ கட்டடம் இடிந்த விபத்துக்குப் பின் சட்டம் மாறிவிட்டது. 3 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு 30 வருடத்தில் கட்டமைப்புச் சோதனை. கூரை, தூண், குழாய், மின்சாரம் போன்றவற்றுக்குச் சேமிப்பு நிதி ஆய்வு. அந்த நிதியை வாக்கெடுத்துத் தள்ளிப்போடும் பழைய வழக்கம் இனி பொதுவாகச் செல்லாது. இத்தனை வருடம் சேர்க்காத பணத்தைச் சேர்க்கத்தான் மாதச் சந்தா எகிறுகிறது, சிறப்பு வசூலும் வருகிறது. விலை மலிவாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கையெழுத்துக்கு முன் நிதி ஆய்வு அறிக்கை, சோதனை அறிக்கை, 2 வருடச் சங்கக் கூட்டக் குறிப்பு மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

புயல் சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய கழிவு பெரும்பாலும் தொகையாக இராது, சதவீதமாக இருக்கும்: 3 லட்சத்துக்குக் காப்பீடு, 5 சதவீதம் என்றால் முதல் 15,000 டாலர் உங்கள் கையிலிருந்து. வெள்ளம் வீட்டுக் காப்பீட்டில் சேராது. அரசின் வெள்ளப் பாலிசி பொதுவாக 30 நாள் கழித்தே அமலாகும். வீட்டுக்கு உச்சம் 2,50,000 டாலர்.

நியூஜெர்சிவாசி:

நன்றி. காண்டோவும் ஆஸ்டினும் போயின. பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர் இரண்டு மட்டும். பிட்ஸ்பர்க்கில் வீடு பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: கணக்குப்பிள்ளை

முதலில் நிலத்தடி. பழைய நிலக்கரிச் சுரங்கம் மேல் உள்ள இடங்கள் உண்டு; தரை இறங்கினால் சாதாரண வீட்டுக் காப்பீடு தராது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையே தனிச் சுரங்கப் பாலிசி விற்கிறது. அவர்கள் தளத்தில் முகவரி போட்டுப் பார்க்கலாம். அடுத்து சரிவு: மலைப்பாங்கான ஊர், தாங்குசுவரில் விரிசலோ வயிறு தள்ளலோ இருந்தால் பொறியாளரைக் கூட்டிப் போங்கள், மண்சரிவும் பாலிசியில் சேராது. பிறகு படிகள். தெருவிலிருந்து வாசலுக்கு 20 படி, குளியலறை மாடியில் மட்டும் என்ற அமைப்பு அங்கே சாதாரணம். 66 வயதில் ஏறலாம், 80-ல் முடியாது.

வாங்குவதற்கு முன் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பதில்: வாக்குச்சீட்டு

இரண்டு மாநிலத்திலும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சி உறுப்பினர் மட்டும் வாக்களிக்கும் மூடிய பிரைமரி. ஒரே கட்சி ஜெயிக்கும் வட்டாரத்தில் தேர்தலே அங்கேதான் முடிகிறது. பதிவுப் படிவத்தில் கட்சிப் பெட்டியைக் காலியாக விட்டால் அந்த வாக்கு இல்லை.