பெட்டியை எறிந்தவர்கள்: 'த டார்ஜிலிங் லிமிட்டட்' பற்றி ஒரு சண்டை

கல்லடிப்பாலம்:
வெஸ் அண்டர்சன் எடுத்து 2007ல் வந்த இந்தப் படத்தை நேற்று இரண்டாம் தரம் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான்: அப்பா செத்து ஒரு வருசம். அதன்பிறகு ஒருவரோடு ஒருவர் கதைக்காத மூன்று அமெரிக்கச் சகோதரர்கள், மூத்தவர் கூப்பிட்டதால் இந்தியாவில் ஒரு ரயிலில் ஏறுகிறார்கள். அப்பாவின் பெட்டிகள் அத்தனையும் கூடவே வருகின்றன. கடைசியில் ஓடுகிற ரயிலைப் பிடிக்க எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்களுக்கு?

படுவான்கரையான்:
எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெட்டிகள், விலை கூடின பெட்டிகள் செய்கிற லூயி வித்தோன் கம்பனியில் இருந்த மார்க் ஜேக்கப்ஸ் படத்துக்கென்றே வடிவமைத்தவை. அதை எறிகிறவனுக்கு வீட்டில் இன்னும் நாலு இருக்கும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்கள் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வரும்போது சூட்கேஸ் பூட்டு உடைந்தால் கயிறு கட்டிக் கொண்டுவருவார்கள்.

அதைவிட மோசம் ஆற்றங்கரைக் காட்சி. மூன்று பொடியன்கள் தண்ணீரில் விழுகிறார்கள், ஒருவனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பிள்ளை செத்ததால் இந்த மூன்று பேருக்கும் ஞானம் பிறக்கிறது. ஏழைப் பிள்ளையின் சாவு இவர்களுக்கு மருந்தா?

அக்கரைப்பற்றுக் காக்கா:
தம்பி, கொஞ்சம் பொறுங்க. அந்தப் பிள்ளையின் தகப்பனாக வருவது இர்ஃபான் கான். மகனின் உடலைக் கழுவுகிற இடத்தில் அவர் ஒரு வசனமும் பேசவில்லை. எனக்கு அந்த ஒரு நிமிசம்தான் படம். மற்றதெல்லாம் ஜோத்பூர் பக்கத்து வெயிலும் வடிவான கலரும்.

இன்னொன்று. ரயில் பணிப்பெண் ரீட்டாவாக நடித்த அமாரா கரண் லண்டனில் பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் இலங்கைத் தமிழர். எத்தனை பேருக்குத் தெரியும்? (படத்தில் ரயில் வழிதவறிப் போகும். அம்பாறை மாவட்டத்தில் அந்தப் பயம் இல்லை, தண்டவாளமே மட்டக்களப்போடு சரி.)

படுவான்கரையான்:
தெரியும் காக்கா. நம் பிள்ளைக்குக் கிடைத்த பாத்திரத்தையும் பாருங்கள்: ரயில் குளியலறையில் கடைசித் தம்பிக்கு ஆறுதல். அதுக்கு மேல் அவளுக்குப் பெரிய வேலை இல்லை.

தாழங்குடா அக்கா:
ரீட்டா விசயத்தில் படுவான்கரைத் தம்பி சொல்வது சரி. ஆற்றங்கரை விசயத்தில் பிழை. செத்தவீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிற பெண்கள் யாருக்கு அழுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாதி அழுகை தங்கள் வீட்டில் செத்தவருக்கு. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. படத்திலும் அந்தக் கிராமத்தார்தான் இவர்களைச் செத்தவீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், இவர்களாகப் போய் நுழையவில்லை.

எனக்கு ஆத்திரம் தாய் மேல்தான். புருசனின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. மலையடிவார மடத்துக்குத் தேடி வந்த பிள்ளைகளையும் விடியுமுன்னே விட்டுவிட்டுப் போகிறாள். ஆனால் கவனித்தீர்களா, ரயிலில் மூத்தவன் தம்பிமாரைக் கேட்காமலே அவர்களுக்குச் சாப்பாடு சொல்வான். தாயும் அதையேதான் செய்கிறாள். பழக்கம் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது.

கல்லடிப்பாலம்:
அக்கா, அது எனக்குப் பட்டதே இல்லை!

படுவான்கரை அண்ணன், பணக்காரன் கதை என்கிறீர்கள். சரி. வெள்ளைக்காரனுக்கு இந்தியா ஞானம் தேடுகிற இடம். நமக்கு அது என்ன தெரியுமா? ஊருக்கு வர முடியாத அண்ணனைக் காணுகிற இடம். என் அண்ணன் சுவிஸில் அகதிக் கடவுச்சீட்டில் இருந்தார், அதில் இலங்கைக்கு வர முடியாது. அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு திருச்சியில் சந்தித்தோம். பதினொரு வருசம் சரியாகக் கதைக்காதவர்கள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லொட்ஜில் ஒரே அறையில். இரண்டாம் நாளே அண்ணன் சண்டை தொடங்கினார்: நான் அனுப்பின காசு எங்கே, நீ எழுதின வயல் எங்கே. மூன்றாம் நாள் நான் கொண்டுபோன அப்பாவின் சாரனை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை மூக்கில் வைத்தபடி கட்டிலில் இருந்தார். அதனால்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

அக்கரைப்பற்றுக் காக்கா:
மருதமுனைக் கைத்தறிச் சாரனா?

கல்லடிப்பாலம்:
வேறென்ன காக்கா. நீலக் கட்டம் போட்டது.

படுவான்கரையான்:
தம்பி, மனசைத் தொட்டுவிட்டீர்கள். ஆனால் இது உங்கள் கதை, படத்தின் கதை இல்லை. படத்தில் இல்லாததை நீங்கள் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அங்கே காசுக் கணக்கும் இல்லை, விசாப் பிரச்சினையும் இல்லை. மூத்தவன் தம்பிமாரின் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருப்பதைப் பகிடியாகக் காட்டுகிறார்கள். கடவுச்சீட்டைப் பறிகொடுத்து ரியாத்தில் இருந்தவளிடம் போய் அந்தப் பகிடியைச் சொல்லிப் பாருங்கள்.

தாழங்குடா அக்கா:
ஆனால் முடிவில் மூத்தவன் திருப்பிக் கொடுக்க வரும்போது, நீயே வைத்திரு என்கிறார்களே. நம்பிக்கை வந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன காட்டுவது? பெட்டி எறிவதைவிட எனக்கு அதுதான் பெரிது.

படுவான்கரையான்:
அந்த இடம் நல்ல இடம்தான். ஒத்துக்கொள்கிறேன். பெட்டி விசயத்தில் மாறமாட்டேன். அப்பாவின் சாமானை ரோட்டில் போட்டுவிட்டு ஓடுவது எனக்கு விடுதலையாகத் தெரியவில்லை. தம்பி, அந்தச் சாரன் இப்போது எங்கே?

கல்லடிப்பாலம்:
சூரிச்சில். திருச்சி விமான நிலையத்தில் பெட்டி இரண்டு கிலோ கூட என்றார்கள். அண்ணன் அங்கேயே திறந்து, நான் கொடுத்த மரமுந்திரிப் பருப்பையும் கருவாட்டுப் பார்சலையும் என் கையில் திருப்பித் தந்தார். சாரனைத் தொடவில்லை.