சீராக இல்லாத செமஸ்டர் மதிப்பெண்களை ரெஸ்யூமில் எப்படிக் காட்டுவது?

இறுதியாண்டு மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்ததால் முதலாண்டு முழுவதும் தடுமாறினேன். பொறியியல் கணிதத்திலும் பொறியியல் வரைபடத்திலும் அரியர் விழுந்தது. இரண்டையும் மூன்றாம் செமஸ்டரில் மறுபடி எழுதித் தேறினேன். ஆறு செமஸ்டர்களின் ஜி.பி.ஏ. (ஒரு செமஸ்டரின் சராசரி, பத்துக்கு) முறையே 5.9, 5.6, 6.8, 7.4, 8.3, 8.5, சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டர்களுக்குமான மொத்தச் சராசரி) 7.1. கடைசி இரண்டின் சராசரியான 8.4-ஐ மட்டும் எழுதினால் போதும் என்கிறான் அறைத்தோழன். எழுதலாமா?

ஆள்தேர்வில் பணியாற்றியவர்:
தம்பி, 8.4 உங்கள் சி.ஜி.பி.ஏ. அன்று, அந்தப் பெயரில் எழுதினால் அது பொய்த்தகவல். ‘சி.ஜி.பி.ஏ. 7.1 (ஆறாம் செமஸ்டர் வரை). ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் 8.3, 8.5’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஆறு செமஸ்டர்களையும் அட்டவணையாகப் போட வேண்டாம், ஏனெனில் படிப்பவரின் கண் முதலில் 5.6-இல்தான் போய் நிற்கும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை 60 விழுக்காடு கேட்கின்றன. பட்டப்படிப்பைப் பொறுத்தவரை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட நீங்கள் எதை மறைக்கப் பார்க்கிறீர்கள்?

மின்னணுத் துறைப் பொறியாளர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மின்னணுத் துறை நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மொத்தச் சராசரியைவிட, வேலைக்குத் தொடர்புள்ள பாடங்களில் வாங்கிய கிரேடுதான் அதிகம் பேசும். நுண்செயலி, சிக்னல் பிராசஸிங் போன்ற பாடங்களில் மிக உயர்ந்த கிரேடுகளான ‘ஓ’ அல்லது ‘ஏ பிளஸ்’ இருந்தால் அவற்றைப் பெயர் சொல்லி எழுதி, அதற்கடுத்து நீங்களே செய்த புராஜெக்டை வைக்கவும். (அறைத்தோழரின் யோசனை, பரீட்சைக்கு முந்தைய இரவு கைமாறும் ‘முக்கிய வினாக்கள்’ போன்றது, நம்ப முடியாது.)

கல்லூரி வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர்:
அரியர்களை ரெஸ்யூமில் நீங்களாக எழுத வேண்டியதில்லை. ஆனால் நிறுவனத்தின் படிவத்தில் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ (பிறகு தேறியவையும் சேர்த்து இதுவரை விழுந்த அரியர்கள்) என்ற கட்டம் இருந்தால் 2 என்றே நிரப்புங்கள். தேறிய மாதமும் ஆண்டும் மதிப்பெண் சான்றிதழிலேயே இருப்பதால், வேலையில் சேர்ந்தபின் நடக்கும் சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும். விழுக்காடு கேட்டால் 7.1-ஐப் பத்தால் பெருக்கி 71 என்று எழுத வேண்டும். சிலர் 9.5-ஆல் பெருக்குகிறார்கள்; அது முன்பு சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு இருந்த கணக்கு. நேர்முகத்தில் முதலாண்டைப் பற்றிக் கேட்டால், தமிழ்வழியைக் குறை சொல்லாமல், மூன்றாம் செமஸ்டரிலிருந்து படிக்கும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் புராஜெக்டுக்கு வந்துவிடுங்கள்.